மூன்றாவது ஊதல்

கொழும்பு கொட்டாஞ்சேனை மேட்டில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், சமையல் செய்யும் குசினியின் ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். அழகான காட்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரைகள், எண்ணெய்த் தாங்கிகள், ஒரு நீள மதில், மதிலுக்கு மேல் முள்ளுக்கம்பி, அதற்கும் அப்பால் கைக்குட்டை அளவுக்குக் கடல். அந்தக் கைக்குட்டைக்குள் பழைய இறங்குதுறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் அங்கேதான் லோஞ்ச் என்ற எஞ்சின் படகை ஓட்டினார். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு மாலுமிகளையும் சாமான்களையும் கொண்டுபோவதும், திரும்ப ஏற்றிவருவதும் அவர் வேலை.

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். அங்கே கடல் என்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பது. பின்னேரம் காற்று வாங்கப் போய், கடலை கொறித்துவிட்டுத் திரும்பி வருவோம். கடலில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள் என்பது கலியாணம் முடித்து இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் அக்காவுக்கு இந்தக் கலியாணத்தில் துளியும் விருப்பமில்லை. "கந்தோர் உத்தியோக மாப்பிள்ளை வேண்டாமெண்டு போய் வள்ளக்காரனைப் பிடிச்சவள்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். "வள்ளமில்லை அக்கா, லோஞ்ச்" என்று நான் திருத்துவேன். அதில் அவளுக்கு இன்னும் கோபம் வரும்.

அந்த இறங்குதுறைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. எனக்கு அது எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். வெள்ளைக்காரர் அலைதடுப்புச் சுவரைக் கட்டுவதற்கு முன்னால் கொழும்பில் கப்பல் ஒதுங்க நல்ல இடமில்லை. பெரிய கப்பல்கள் திறந்த கடலில் ஆடிக்கொண்டு நிற்கும். ஆட்களையும் பெட்டிகளையும் வள்ளத்தில் இறக்கி, நனைந்தும் நனையாமலும் கரை சேர்ப்பார்களாம். சுவர் வந்து, உள்ளே தண்ணீர் அடங்கிய பிறகுதான் இறங்குதுறை வந்தது. இரும்புக் கால்கள், மேலே தடித்த பலகைகள், நடுவில் ஓடு போட்ட மண்டபம். மண்டபத்தில் பயணிகள் உட்கார வாங்குகள், சுங்கக்காரருக்கு ஒரு நீள மேசை, பெட்டி நிறுக்க ஒரு தராசு. தண்ணீருக்கு இறங்க இரண்டு படிக்கட்டுகள். அகலமான கல்படி துரைமாருக்கும் அவர்களுடைய பெண்களுக்கும். பக்கத்திலிருந்த ஒடுங்கிய மரப்படி கரி சுமந்தவர்களுக்கு.

அப்போது கப்பல்கள் கரியில்தான் ஓடின. கரையில் மலைபோல் குவித்து வைத்த நிலக்கரியைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து ஏற்றியவர்கள், இந்தியாவிலிருந்து கடல் கடந்து கூலிக்கு வந்த நம் ஆட்கள். என் கணவரின் பாட்டனார் அப்படி வந்தவர். அவர் கரி சுமந்தார்; அவர் மகன் வள்ளம் வலித்தார்; என் கணவருக்குத்தான் எஞ்சின் கிடைத்தது. மூன்று பேரும் இறங்கி ஏறியது அதே மரப்படியால். துரைமார் போய் எத்தனையோ காலம் ஆகியும் என் கணவர் கல்படிப் பக்கம் போகவில்லை. கேட்டால், "அது வழுக்கும்" என்பார்.

பிறகு கரி போய் எண்ணெய் வந்தது. தூத்துக்குடிக் கப்பல் ஓடிய காலத்தில் இறங்குதுறை திருவிழா மாதிரி இருக்குமாம். ஆகாய விமானம் வந்து பயணிகளைக் கொண்டுபோனது. பெட்டிபெட்டியாகச் சரக்கு ஏற்றும் கப்பல்கள் வந்தபோது அவற்றுக்கான பெரிய பாரந்தூக்கிகள் துறைமுகத்தின் வேறு பக்கத்தில் எழும்பின. பழைய இறங்குதுறைக்கு மிஞ்சியவை சில லோஞ்சுகள், ஒரு டீசல் பம்பு, நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, அடிக்க ஆளில்லாத ஒரு பித்தளை மணி.

இனி ஊதலுக்கு வருகிறேன். லோஞ்சைக் கொண்டுவந்து கட்டும்போது கொஞ்சம் பின்னுக்கு எடுக்க வேண்டும். பின்னுக்கு எடுக்கிறேன், விலகிக்கொள் என்று மற்றவர்களுக்கு அறிவிக்க மூன்று சின்ன ஊதல். கடலில் போகிற எல்லோருக்கும் அதுதான் விதி. எல்லா லோஞ்சும் அப்படித்தான் ஊதும். என் கணவர் மட்டும், பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வரும் கடைசிச் சவாரியில், மூன்றாவது ஊதலைச் சற்று இழுப்பார். பூ, பூ, பூஉஉ.

அது எனக்கு. கலியாணமான புதிதில் சோறு ஆறிப்போய்விட்டது என்று எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. அவர் எப்போது வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கப்பல் பிந்தினால் எல்லாம் பிந்தும். அடுத்த நாள் வேலைக்கு வெளிக்கிடும்போது என் முகத்தைப் பார்க்காமல், "கடைசியா ஊதுறப்ப இழுத்து ஊதுறேன். கேட்டதும் உலைய வை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவரும் கதைத்ததில்லை, நானும் கதைத்ததில்லை. நான் அரிசியை அரிக்கன் சட்டியில் கல் அரித்து வைத்திருப்பேன். ஊதல் கேட்டதும் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி, புகை போக ஜன்னலைத் திறந்து, உலை வைப்பேன். அவர் லோஞ்சைக் கட்டி, குழாயில் கைகால் கழுவி, வாசலில் சோதனை முடித்து, மேடு ஏறி வரச் சோறு வெந்திருக்கும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெளியில் அவர் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். மாதா கோயில் திருவிழாவுக்குப் போனாலும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடப்பார். பார்க்கிறவர்கள் நான் யாரோ ஒரு பெண் என்றுதான் நினைப்பார்கள். அந்த மனிதர் நாளுக்கு ஒரு தடவை கடலில் நின்று என்னைக் கூப்பிடுகிறார் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது சொல்லலாம். அப்போது சொன்னதில்லை.

யுத்தம் துறைமுகத்துக்குள் வந்தது. தண்ணீருக்கடியில் புலிகள் யாரும் நீந்தி வந்து குண்டு வைத்துவிடக் கூடாது என்று கடற்படையினர் இடையிடையே சின்னச் சின்ன வெடிகளைக் கடலுக்குள் போட்டார்கள். தொம் என்று ஒரு சத்தம், அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும். இறங்குதுறை மண்டபத்தின் வாங்குகளை எடுத்துவிட்டு மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கூரைக்கு மேல் ஒரு காவற்கூண்டு எழும்பியது. அதிலிருந்தவர்களுக்குக் கையில் தொலைநோக்கி, பார்க்க வேறு ஒன்றும் இல்லை. அவர்கள் எங்கள் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் இரண்டு மணி தாண்டியும் ஊதல் கேட்கவில்லை. அரித்த அரிசி சட்டியில் ஊறிக்கொண்டு கிடந்தது. கப்பல் பிந்திவிட்டது என்று நினைத்தேன். பொழுது சாயத் தொடங்கியதும் துறைமுக வாசலுக்குப் போனேன். அங்கே காவலுக்கு நின்றவர் என் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகச் சொன்னார். மறுநாள் காலை ஜீப் ஒன்று வந்து என்னையும் விசாரணைக்குக் கூட்டிப்போனது.

மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி இளைஞர். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தார். சிங்களத்தில்தான் கதைத்தோம்.

"அந்த ஜன்னலைத் திறப்பது யார்?" என்று கேட்டார்.

"எந்த ஜன்னல்?"

அவர் பொறுமையாகச் சொன்னார். மற்ற லோஞ்சுகள் ஊதுவது போல் உங்கள் கணவர் ஊதுவதில்லை. கடைசி ஊதல் நீளுகிறது. அது நீண்ட கையோடு மேட்டில் ஒரு ஜன்னல் திறக்கிறது. நாள் தவறாமல். "என்ன செய்தி கொடுக்கிறார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. "சோறு" என்றேன். "சோறு வைக்கச் சொல்லுகிறார்."

அவர் சிரிக்கவில்லை. "உங்கள் கணவர் அப்படிச் சொல்லவில்லையே. ஊதுகுழலின் வால்வு இறுகிப்போய், கடைசியில் சிக்கிக்கொள்கிறது என்கிறார். கழற்றிப் பார்த்தோம். புதிது போல் இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள். யார்?"

எனக்கு அந்த அதிகாரி மீது வந்ததைவிட என் மனிதர் மீதுதான் கோபம் வந்தது. பெண்சாதிக்கு ஊதினேன் என்று சொல்ல இவருக்கு என்ன வாய் கோணிவிடுமா? உயிர் போகிற இடத்தில் வெட்கமா? என்னைச் சொல்ல அவ்வளவு வெட்கமா? வீடு திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கோபமெல்லாம் வடிந்து பயம் மட்டும் மிஞ்சியது. அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் எங்கே என்று வருடக்கணக்காகக் கேட்டுத் திரிந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர் திரும்பி வருவாரா, மாட்டாரா என்பதைத் தவிர எனக்கு வேறு கேள்வி இல்லை.

அக்கா வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். பாணும் பருப்பும் கொண்டுவந்தாள். என்னை ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த முறை கேட்டால் நீயும் வால்வு எண்டே சொல்லு. ரெண்டு பேரும் ஒரே கதை சொன்னாத்தான் விடுவாங்கள். சோறாம், ஊதலாம். ஆர் நம்புவாங்கள்? நானே நம்பேல்லை."

"உண்மை அதுதானே அக்கா."

"உண்மையைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறாய்?"

மாற்றிச் சொல்லத்தான் வேண்டுமோ என்று நானும் தடுமாறினேன். இதற்கிடையில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதுமே, என்னை விட்டு விலகிப்போயிருந்தது. ஜீப் வந்து நின்ற வீட்டை யார் எட்டிப் பார்ப்பார்கள்? கீழ் வீட்டில் இருந்தது ஒரு சிங்களக் குடும்பம். அந்தப் பெண்ணின் கணவனும் துறைமுகத்தில்தான், மூட்டை இறக்கும் பகுதியில். நாளுக்கு நாலு தடவை "அக்கே" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டுக் கறிவேப்பிலை கேட்பவள், என்னைப் படியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டாள். அது எனக்கு நன்றாகவே வலித்தது.

சில நாட்கள் கழித்து அந்த அதிகாரியே வீட்டுக்கு வந்தார். கையில் வோக்கி டோக்கி. மத்தியானம் தாண்டியிருந்தது. வரவேற்பறையில் இருக்கச் சொன்னால் இருக்கவில்லை. நேரே குசினிக்குள் வந்து சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"வழக்கமாக என்ன செய்வீர்களோ, அதைச் செய்யுங்கள்."

அரிசி அரித்தேன். கல்லோடு அரிசியும் போனது. கொஞ்ச நேரத்தில் கடலிலிருந்து கேட்டது: பூ, பூ, பூ.

நான் அசையவில்லை.

"ஏன் அடுப்பு மூட்டவில்லை? உங்கள் கணவரின் லோஞ்ச்தான் அது."

"லோஞ்ச் அதுவாக இருக்கலாம். ஊதியது அவரில்லை."

அவர் வோக்கி டோக்கியில் ஏதோ உத்தரவிட்டார். மறுபடியும் பூ, பூ. பிறகு மூன்றாவது. என் வாழ்நாளில் என் மனிதர் அவ்வளவு நீளமாக இழுத்ததில்லை. இழுத்து, இழுத்து, இனி மூச்சில்லை என்பது போல் நின்றது. உயிரோடு இருக்கிறார். அதுதான் எனக்குக் கேட்டது. பக்கத்தில் யார் நிற்கிறார், எதற்கு நிற்கிறார் என்பதெல்லாம் மறந்து ஓவென்று அழுதேன். நெருப்புப் பெட்டியில் குச்சிகள் ஒன்றொன்றாக முறிந்தன. ஒருவாறு அடுப்பை மூட்டி, ஜன்னலைத் தள்ளித் திறந்து, உலையை ஏற்றினேன்.

அதிகாரி குரலை உயர்த்தாமல் சொன்னார். "நல்லது. அவருடைய ஊதலுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அது சோற்றுக்குத்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

வால்வு என்று சொல்லியிருந்தாலாவது தப்பியிருப்பார். என் கையாலேயே அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. அந்தச் சிங்களப் பெண்ணின் குரல், எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, மேல்நோக்கி வந்தது.

"அக்கே! மஹத்தயா ஆவத? மமத் பத் லிபே திப்பா!"

ஐயா வந்துவிட்டாரா, நானும் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டேன் என்கிறாள். அவள் ஏன் சோறு வைக்கிறாள்? அதற்குள் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கு அடுத்த வீட்டில் யாரோ அரிக்கன் சட்டியைக் கழுவி ஊற்றும் சத்தம். ஒழுங்கை முனையிலிருந்து ஒருத்தி, "வந்திட்டாரா? தேவ மாதாவே!" என்று கத்தினாள். நாட்கணக்காக மூடிக் கிடந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின.

அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு ஜன்னலருகே வந்து குனிந்து பார்த்தார். கீழே நின்றவளுக்கு அவர் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். "நீங்கள் எதற்காகச் சோறு வைக்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"என் மனிதரும் அந்த நேரத்துக்குத்தானே வருகிறார்! அந்த ஹோர்ன் கேட்டால்தான் நாங்கள் உலை வைப்போம். இத்தனை நாளும் குழைந்த சோறும் ஆறிய சோறும்தான் தின்றோம்."

அவர் தலையைத் தடவி, தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முதல் தடவையாகச் சிரித்தார். "முழு ஒழுங்கையையும் அல்லவா பிடித்துக்கொண்டு போக வேண்டும்" என்றார். பிறகு உலையில் கொதித்துக்கொண்டிருந்த அரிசியை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே ஒரு பொறாமையும் வந்ததை மறைக்க மாட்டேன். எனக்கு மட்டும் என்று இத்தனை வருடமாகப் பொத்தி வைத்திருந்த ஊதலில் ஊரே சோறு பொங்கித் தின்றிருக்கிறது.

அவரை விட்டார்கள். ஒரு பகல் பொழுது தாடியோடு, சட்டை தொளதொளத்துப்போய், மேடு ஏறி வந்தார். ஊதல் இல்லாமல் வந்ததால் நான் ஆயத்தமாக இல்லை. நேரே குசினிக்குள் வந்து தேங்காய் துருவும் திருவலைப் பலகையில் குந்திக்கொண்டார்.

"சோறு இல்லையா?"

"ஊதாமல் வந்தால் எப்படிச் சோறு இருக்கும்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே அரிசி களைந்தேன். அடுப்பு மூண்டதும், அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "என்னைச் சொல்ல அவ்வளவு வெட்கமோ? வால்வாம், வால்வு."

அவர் குனிந்து அடுப்பின் திரியைச் சரிசெய்தார்.

"வெட்கம் இல்ல" என்றார். "அவனுங்க கேட்டது எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். இதையும் குடுக்க மனசு வரல்ல. அவனுங்க நம்ம அடுப்படி வரைக்கும் வர வேணாம்னு நெனச்சேன்."

நானோ கேட்ட கேள்விக்கே அடுப்படியைத் திறந்து காட்டியவள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "நீ சொன்னது நல்லது. இல்லாட்டி நான் இன்னும் அங்கதான்."

வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. மூன்று ஊதலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அவர் மீறவே இல்லை. பூ, பூ, பூ என்று எல்லா லோஞ்சும் ஒன்றுபோல் ஊதின. எது அவர் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் எனக்குத் தெரியவில்லை. கீழ் வீட்டுக்காரி திட்டிக்கொண்டே ஒரு சுவர் மணிக்கூடு வாங்கினாள். நான் வாங்கவில்லை. அவர் வந்து படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் உலை வைத்தேன். பசியோடு வந்த மனிதர் வேறு எங்கே போவார்? சோறு வேகும்வரை திருவலைப் பலகையில் குந்தியிருந்தார்.

வந்ததும் சாப்பிட்டு, சாப்பிட்டதும் படுத்துவிடுகிற மனிதர் அவர். முதல் தடவையாக எங்களுக்குக் கதைக்க நேரம் கிடைத்தது. அலைதடுப்புச் சுவர், கரிக்கூடை, துரைமாரின் கல்படி, தூத்துக்குடிக் கப்பல் என்று மேலே நான் எழுதியதெல்லாம் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் கேட்டவை. கடலுக்குள் தொம் என்று வெடி விழும்; கோப்பைகள் அடங்கும்வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். யுத்தம் முடியும்வரை எங்கள் வீட்டில் அப்படித்தான் சோறு வெந்தது.

அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. அக்கா எனக்கு மின்சாரச் சோற்றுப்பானை ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். பொத்தானை அமத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாமாம். எனக்கு ஏனோ அது வேகும்வரை அந்த இடத்தை விட்டு எழும்ப மனம் வருவதில்லை.

அந்த இறங்குதுறையில் ஒவ்வொரு பலகைக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. அவரைப் பிடித்து வைத்திருந்த நாட்களில் உள்ளே என்ன நடந்தது என்பதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. நான் மெல்லக் கேட்கத் தொடங்கினால் போதும், எழுந்துபோய்ப் பானையின் மூடியைத் திறந்து பார்ப்பார். "வெந்திருச்சு, போடு" என்பார். வெந்திருக்காது. நான் ஒன்றும் சொல்லாமல் வடித்துப் போடுவேன். அரை வேக்காட்டுச் சோற்றை அப்படி எத்தனையோ நாள் இருவரும் மென்று விழுங்கியிருக்கிறோம்.